விரும்பிக் கேட்டவர்கள்

அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "நானா போடுறேன்? கேக்குறாங்க, போடுறேன்." சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார், கையில் எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை என்பது மாதிரி.

மைக் செட் வைத்திருந்தவர். குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் மேலத்தெரு. நாங்கள் இருப்பது காலனி. நடுவில் ஒரு வாய்க்காலும் கொஞ்சம் வயலும். அவர் காலனிக்காரர், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். அப்பாவுக்கு மச்சான் முறை, அதனால் எனக்கு மாமா. அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு செட் கிடையாது. எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மேலத்தெரு, பாட்டை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேரில் பேசும்போது அவருக்குக் குரலே எழும்பாது. எதிரில் நிற்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். மைக் கைக்கு வந்துவிட்டால் வேறு ஆள். அதன் தலையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றி, விரலால் தட்டிப் பார்த்து, வானொலியில் பேசுகிறவர் மாதிரி சுத்தத் தமிழில் ஆரம்பிப்பார். "அடுத்து வருவது நேயர் விருப்பம். இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்…" என்று இழுத்து நிறுத்தி, அப்புறம் பெயரைச் சொல்வார். பெயர் சொல்லாமல் ஒரு பாட்டும் போட மாட்டார். பெயர் வரும் என்பதற்காகவே ஆட்கள் போய்ப் பாட்டுக் கேட்டார்கள். முதலாளி வீட்டு வாசலில் "ஏய்" என்றும் "இந்தா" என்றும் கூப்பிடப்பட்டவர்களின் பெயர்கள் அவர் வாயில் முழுசாக, அழகாக வந்தன. அது வரைக்கும் சரி. அதை நான் மறுக்கவில்லை.

யாரும் கேட்காத நேரத்திலும் பாட்டு ஓடுமே, அதற்கு யார் பெயரைச் சொல்வார்? கண்ணில் படுகிறவர் பெயரை. என் சடங்கின்போது பந்தலில் அவர் பக்கத்தில் போய் நின்ற அஞ்சலை அத்தையின் பெயர் மைக்கில் வந்தது. காதல் பாட்டு. படுக்கையறைச் சங்கதியெல்லாம் வரும் பாட்டு. கூட்டம் சிரித்தது.

"அடப்பாவி! நான் சுண்ணாம்பு இருக்கான்னுதானேடா கேட்டேன்!" என்று அத்தை கத்தினாள்.

"கேட்டீங்கள்ல அத்தாச்சி? அப்ப விரும்பிக் கேட்டவர்தான்."

நானும் சிரித்தேன். அந்தப் பாட்டு அவருக்குப் பிடித்த பாட்டு என்று பிறகுதான் புரிந்தது. பிடித்திருக்கிறது, போடுகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. யார் தலையிலாவது கட்ட வேண்டும்.

பாட்டு வெறும் காற்று என்பார். "காத்துல வருது, காத்துல போவுது. அது என்னத்தப் பண்ணும்?" இதைச் சொன்ன வாயால்தான் இன்னொன்றும் சொல்வார். எங்கள் தெருவில் ஒரு மாமியார் செத்தபோது மருமகள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உறவுக்காரிகள் முணுமுணுத்தார்கள். வயர் சுற்றிக்கொண்டிருந்த இவர் என் காதருகே வந்து, "இரு பாப்பா. அடுத்த பாட்டுக்கு அழுவா பாரு" என்றார். அம்மா பாட்டு ஒன்றைப் போட்டார். அந்தப் பெண் அழுத அழுகையில் தண்ணீர் தெளிக்க வேண்டி வந்தது. அவள் அழுதது தன் அம்மாவுக்காக. மாமியார் கணக்கில் அது போய்ச் சேர்ந்தது. இவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

நடவு வயலிலும் அதே கதை. மேலத்தெரு மிராசு ஒருவர் நடவன்றைக்கு வரப்பில் பாக்ஸ் வைக்கச் சொல்வார். குத்துப் பாட்டுதான் போட வேண்டும். அந்த அடிக்குப் பெண்களின் கை தன்னால் வேகம் பிடிக்கும், பொழுது சாய்வதற்குள் வயல் முடிந்துவிடும் என்பது மிராசின் கண்டுபிடிப்பு. அப்படியே நடந்தது. என் அம்மா குனிந்தபடியே கத்துவாள்: "யோவ் தம்பி, இடுப்பு ஒடியிது. சோகப் பாட்டா ஒண்ணு போடுய்யா, புண்ணியமாப் போவும்!" மிராசு டீ குடிக்க நகர்ந்ததும் இவர் மெதுவான பாட்டு ஒன்றை நுழைப்பார். பெண்கள் நிமிர்ந்து முதுகை நெட்டி முறிப்பார்கள். மிராசின் வண்டிச் சத்தம் கேட்டதும் மறுபடியும் குத்து.

அந்த மனிதர்தான் பாட்டு என்னத்தைப் பண்ணும் என்று எங்களிடம் கேட்டார்.

குழாய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கம்பத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார், திசைக்கு ஒன்று. காலனியில் சாவு விழுந்தால் மட்டும் கம்பத்தில் மூன்று குழாய்தான் இருக்கும். மேலத்தெருவைப் பார்த்துக் குழாய் கட்ட மாட்டார். எங்கள் ஒப்பாரி வயலுக்கும் வாய்க்காலுக்கும் கேட்டால் போதும். மேலத்தெருவில் திருவிழா என்றால் நாலும் உண்டு. அதில் ஒன்று நேராக எங்கள் வாசலைப் பார்த்து இருக்கும். இப்படிக் கட்டு என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா என்று நான் கேட்டிருக்கிறேன். "சொல்லணுமா என்ன?" என்றார்.

பல வருடம் அந்தக் குழாயில் சாமி பாட்டும் காதல் பாட்டுமாக ஓடியது. அப்புறம் அந்தப் பாட்டு வந்தது. ஏதோ ஒரு படம். வெள்ளை வேட்டி கட்டிய நாயகன், அரிவாள், குலப்பெருமை, எங்களைத் தொட்டால் கை இருக்காது என்கிற மாதிரி வரிகள். யாரைச் சொல்கிறது என்று பாட்டில் இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதியவருக்கு எங்கள் வாய்க்கால் தெரிந்திருக்காது. மேலத்தெருப் பையன்களுக்கு உடனே தெரிந்தது. ஒரு தடவை போட்டால் போதாது. முடிய முடியத் திரும்பக் கேட்டார்கள். இவரும் ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்வது மாதிரி பெயர்களைச் சொல்லிப் போட்டுக்கொண்டே இருந்தார். பாட்டில் ஓர் இடத்தில் கூட்டமாகக் கத்துவது வரும். அந்த இடத்தில் அவர்கள் எல்லாரும் காலனிப் பக்கம் திரும்பி நின்று கத்துவார்கள்.

இதில் எனக்கு அதிகமாகக் கசந்தது எது தெரியுமா? எங்கள் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். மேளக்கட்டு அப்படி. என் அண்ணன் மகள், பால் பல் விழுந்த வாய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தொட்டால் கை இருக்காது என்று பாடிக்கொண்டு வாசலில் ஆடினாள். யார் கை என்று அவளுக்குத் தெரியாது. நான் ஓர் அறை விட்டேன். ஏன் அடி வாங்கினோம் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய ஆம்ப்ளிபயரைத் திறந்து வைத்து, வயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தப் பாட்ட நீங்க போடலாமா?"

"நானா போடுறேன்? கேக்குறாங்க."

"நம்மளத்தான் மாமா சொல்லுது அது."

"பாட்டு கண்ணாடி பாப்பா. மூஞ்சில கரி இருந்தா கண்ணாடிய ஏன் திட்டுற? அவனுவ மனசுல இருக்கு, அது பாட்டுல வருது. பாட்டு வந்தா அவனுவ அப்புடி ஆனானுவ? முன்னாடி நல்லவனுவளா இருந்தானுவளா?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. முன்பும் அவர்கள் நல்லவர்களாக இல்லைதான். ஆனாலும் விடவில்லை.

"கண்ணாடின்னா அவங்க வூட்டு செவுத்துல மாட்டிக்கட்டும். வெயில்ல புடிச்சு எங்க கண்ணுல எதுக்கு அடிக்கிறீங்க?"

அவர் சிரித்தார். "மருந்துக் கடையில மாத்திர குடுக்கச் சொன்னா வக்கீலுக்குப் படிச்சிட்டு வந்திருக்க. ஒன்னக் கட்டுறவன் பாவம்" என்றார். என் சட்டைப் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் சேலை இருந்ததால், ஆம்ப்ளிபயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சாதி அவர்கள் வீட்டில் முன்பே இருந்தது. ஆனால் அதற்கு ஒரு மெட்டு இல்லாமல் இருந்தது. பெரிய மனிதர்கள் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்ததை மெட்டு வந்த பிறகு சும்மா திரிந்த பையனும் தெருவில் நின்று கத்தலாம் என்றானது. நான் வேலை பார்த்த மருந்துக் கடைக்கு வந்து, "அக்கா, அம்மாவுக்கு சுகர் மாத்திர" என்று பல்லைக் காட்டி நின்ற பையன்கள்தான். அந்தப் பாட்டு வந்த வருஷம் அதே பையன்கள் "ஏய், மாத்திர எடு" என்றார்கள். ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லட்டும். அக்கா என்றவன் ஏய் என்றதைக் காதால் கேட்டவள் நான்.

என் தம்பி செந்தில் அந்த வருஷம் போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடிந்துவிட்டது. ஆள் எப்படி, அவன் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்ற விசாரணை மட்டும் பாக்கி. காலனியில் முதல் போலீஸ். அம்மா அவனைச் சைக்கிளில்கூட வேகமாகப் போகவிடவில்லை. "எவன் கூடவும் பேசாதடா, ஆர்டர் வர்ற வரைக்கும் ஊமையா இரு" என்பாள்.

மாரியம்மன் திருவிழா வந்தது. தேர் நிலையிலிருந்து கிளம்பும் முன்னே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அதே பாட்டு, அதே குழாய், எங்கள் வாசலைப் பார்த்து. வெயில் தாழ்கிற நேரம். எங்கள் தெருப் பையன்கள் ஒவ்வொருவராக வாய்க்கால் மதகில் வந்து கூடினார்கள். ஒருவன் கையில் ப்ளூடூத் பாக்ஸ். "நாமளும் நம்ம பாட்ட போடுவம்டா. பாத்துக்கலாம்" என்றான்.

செந்தில் பயந்துவிட்டான். சண்டை வந்தால் போலீஸ் வரும், காலனியில் இருக்கிற ஆம்பளைப் பெயரையெல்லாம் எழுதுவார்கள், தன் வேலை போய்விடும். அந்தப் பயத்தில்தான் போனான். அவன் வீரத்தில் போனதாக ஊர் சொல்கிறது. கிடையாது. வரப்பு வழியாகச் சுற்றிப்போய், பந்தலுக்குப் பின்பக்கமாக மாமாவிடம் குனிந்து சொல்லியிருக்கிறான்.

"மாமா, பாட்ட நிறுத்த வேணாம். நம்ம பக்கத்துக் கொழாய மட்டும் வயல் பக்கமாத் திருப்பி வுடுங்க. பயலுவ கூடிட்டானுவ. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

வயரில் ஏதோ கோளாறு என்று சொல்லி ஏணி போட்டு ஏறித் திருப்பியிருக்கலாம். ஒருவனுக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் யாரும் இல்லை என்று செந்தில் சத்தியம் பண்ணுகிறான்.

நான் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பாட்டு பாதியில் நின்றது. கைக்குட்டைக்கு மேல் விரல் தட்டுகிற சத்தம். அப்புறம் அந்தச் சுத்தத் தமிழ்.

"காலனிப் பக்கம் உள்ள குழாயைத் திருப்பும்படி விரும்பிக் கேட்டவர்…"

அந்த இழுப்பு. எப்போதும் போல இழுத்து நிறுத்தினார். அந்த நிறுத்தத்துக்குள் நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

"…காலனி, செந்தில்."

நாலு திசையிலும் கேட்டது. மதகிலிருந்து பையன்கள் ஓடினார்கள். நான் ஈரக் கையோடு ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பந்தலுக்குப் பின்னால் மேலத்தெருப் பையன்கள் செந்திலைக் கீழே போட்டு மிதித்துவிட்டார்கள். இடது காதிலிருந்து ரத்தம். அப்புறம் இரண்டு பக்கமும் கல் பறந்தது. ஒரு வண்டி எரிந்தது. குழாய் திரும்பவில்லை. அதற்கு யாரும் ஏறவே இல்லை.

இரண்டு தரப்பின் மேலும் வழக்குப் போட்டார்கள். காலனிப் பக்கத்தில் முதல் பெயர் செந்தில். யார் வம்பை ஆரம்பித்தது என்று கேட்டபோது மேலத்தெருக்காரர்களுக்கு யோசிக்கிற வேலையே இருக்கவில்லை. "அவன் பேரு மைக்குலயே வந்துச்சே சார்." மாமாவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரித்த போலீஸ்காரரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்: "பேரு சொல்றது வழக்கங்க. எப்பவும் சொல்றதுதாங்க. கேட்டது அந்தத் தம்பிதாங்க." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த விசாரணையில் முழு உண்மை பேசிய ஒரே சாட்சி அவர்தான். என் தம்பியின் வேலை அந்த உண்மையில் போயிற்று.

நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன்.

"ஏன் பேரச் சொன்னீங்க? நீங்களே திருப்புற மாதிரி திருப்பியிருக்கக் கூடாதா?"

"நான் எதுக்குத் திருப்பணும்? எனக்கு என்ன அதுல?"

"ஒங்க வூடும் இங்கதான இருக்கு! ஒங்களுக்குந்தான அந்தப் பாட்டு!"

அவர் கைகளை விரிக்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "நானாத் திருப்புனேன்னு தெரிஞ்சா என்னை வுட்டுருப்பானுவளா பாப்பா?" என்றார். அந்த ஒரு தடவைதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னை விடமாட்டார்கள் என்று தெரிந்த மனிதருக்கு, செந்திலையும் விடமாட்டார்கள் என்று தெரியாதா?

அடுத்த வருஷத் திருவிழாவுக்கும் செட் அவருடையதுதான். பாட்டும் அதுதான். விரும்பிக் கேட்டவர்கள் என்று அவர் வாசித்த பெயர்களில் செந்திலை மிதித்தவர்களின் பெயர்களும் இருந்தன. முழுசாக, அழகாக. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். குழாய்ச் சத்தத்துக்குக் கதவு என்ன, சுவர் என்ன.

செந்தில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இஸ்திரி போடுகிறான். அங்கே நாள் முழுக்கப் பாட்டு ஓடுமாம், வேலை வேகமாக நடக்க. "எனக்குப் பாதிதான்க்கா கேக்கும், ஒரு காதுதானே" என்று சிரிப்பான்.

போன தை மாதம், அறுப்பு நேரம், மாமா செத்துப்போனார். செந்தில் பொங்கலுக்கு வந்திருந்தவன், நான் கூப்பிடாமலே என்னோடு வந்தான். அவர் மகன் குடவாசலிலிருந்து வேறு செட் வரவழைத்திருந்தான். அப்பாவுடைய செட் துருப்பிடித்துக் கிடந்தது. செட்காரர் கம்பம் நட்டுவிட்டு, "மூணு கொழாய்தானே?" என்று கேட்டார். அந்த வழக்கம் பக்கத்து ஊர்க்காரருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது அத்தை, அவர் பெண்டாட்டி, உள்ளேயிருந்து தலையை விரித்தபடி வந்தாள்.

"ஒண்ணும் கட்டாதீங்க. பாட்டு வேணாம்."

"ஏம்மா?" என்றான் மகன்.

"வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. எந்தப் பாட்டும் போடக் கூடாதாம். நெனவு தப்புறதுக்கு முன்னாடி என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு."

செந்தில் என் பக்கம் வலது காதைத் திருப்பினான். "அத்தை என்னக்கா சொல்லுது?"

சொன்னேன். வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவர், தனக்கு வேண்டாம் என்று கேட்டிருக்கிறார் என்று. தனக்காக அவர் விரும்பிக் கேட்டது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

செந்தில் பாடையைப் பார்த்தான்.

"காத்துன்னாரே" என்றான். "அப்ப தெரிஞ்சிருக்கு."

எங்கள் தெருவில் பாட்டு இல்லாமல் போன ஒரே சாவு அது. வரப்பில் தூக்கிப் போகும்போது அறுப்பு மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. தெரியாமல் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். பாட்டு காற்று என்று மனசார நம்பியிருந்தாலும் மன்னித்திருப்பேன். முகத்தைத் திறந்து வாய்க்கரிசி போட எல்லாரும் போனார்கள். நானும் தம்பியும் போகவில்லை.

இவ்வளவு எழுதியும் அவர் பெயரை நான் எழுதவில்லை. தம்பி பெயரை எழுதியிருக்கிறேன், அது ஊர் கேட்ட பெயர்தான். அவர் பெயரை விட்டது மரியாதைக்காக இல்லை. ஒரு பெயரை நாலு திசைக்கும் கேட்கும்படி சொன்னால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.